பழைய ஆர்ச்டாப் கிட்டார்: பேரை விடுங்கள், நெக்கைப் பாருங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: சில வருடங்களாக ஃப்ளாட்-டாப் அக்குஸ்டிக் வாசிக்கிறீர்கள். ஜாஸ், குறிப்பாக ஜிம் ஹால் கேட்க ஆரம்பித்த பிறகு, மேல்பலகை வளைந்து, எஃப் வடிவத் துளை போட்ட பழைய ஆர்ச்டாப் மேல் ஆசை வந்துவிட்டது. பெரிய பணம் இல்லை. இரண்டு கிட்டார்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று 1950களின் ஹார்மனி ஆர்ச்டோன். இன்னொன்று, யாரோ பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புது வார்னிஷ் அடித்த கிப்சன் ஈஎஸ்-125; இதன் விலை முதலாவதைப் போலப் பல மடங்கு. எதை வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது, வாங்கினால் அந்த ஜாஸ் சத்தம் வருமா என்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளியாவிட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. நீங்கள் ‘ஜாஸ் சத்தம்’ என்று சொல்வது எந்தச் சத்தம்? ஆர்ச்டாப்பில் இரண்டு இருக்கின்றன, இரண்டும் கிட்டத்தட்ட வேறு வேறு வாத்தியங்கள்.

முதலாவது ஆம்ப் இல்லாத காலத்துச் சத்தம். 1922-இல் கிப்சன் கம்பெனியில் லாயிட் லோர் மேற்பார்வையில் எல்-5 வந்தது. வயலின் போலக் குடைந்து வளைத்த மேல்பலகை, எஃப் துளைகள், கம்பிகளைத் தாங்கி, பலகையில் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜ். ஃப்ளாட்-டாப்பில் பிரிட்ஜை ஒட்டியிருப்பார்கள், கம்பிகள் அதைப் பிடித்து இழுக்கும். ஆர்ச்டாப்பில் இழுவையை, அடியில் கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் வாங்கிக்கொள்கிறது. கம்பிகள் பிரிட்ஜைக் கீழ்நோக்கி அழுத்த மட்டும் செய்கின்றன. அதனால் சத்தம் டக்கென்று கிளம்பி சீக்கிரம் அடங்கிவிடும். அடித்தொனி குறைவு, நடுத்தொனி தூக்கல். தனியாக ஒரு அறையில் கேட்டால் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்கும் இசைக்குழுவுக்குள் அந்த வறட்சிதான் காதில் விழும். கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937-இல் சேர்ந்து, 1987-இல் இறக்கும்வரை அங்கே இருந்த ஃப்ரெடி கிரீன் வாசித்தது இந்தச் சத்தத்தை வைத்துத்தான். ஆம்ப் இல்லாமல், ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு அடி.

இரண்டாவது சத்தம், கம்பியின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப் வந்த பிறகு பிறந்தது. 1936-இல் கிப்சனின் மின்சார கிட்டார் ஈஎஸ்-150 வந்தது, அதைக் கையில் எடுத்து சார்லி கிறிஸ்டியன் கிட்டாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். பிறகு 1949-இல் ஈஎஸ்-175. ஜோ பாஸ், ஜிம் ஹால் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் உருண்டையான, மெத்தென்ற தொனி இதிலிருந்து வந்ததுதான். ஈஎஸ்-175-இன் உடம்பு அழுத்தி வளைத்த ப்ளைவுட் என்பதைக் கவனியுங்கள். ப்ளைவுட் என்றாலே மட்டம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஆம்ப்போடு வாசிப்பவருக்கு அது அனுகூலம்: பலகை அவ்வளவாக அதிராது, அதனால் ஆம்ப் சத்தம் பலகையில் பட்டுத் திரும்பி ஊளையிடுவதும் குறைவு. ஆம்ப் இல்லாமல் வாசிக்கப் போகிறவருக்குத்தான் முழு மரம் தேவை.

ஆகவே உங்கள் இரண்டு கிட்டார்களும் ஒரே ஆசைக்கான இரண்டு வழிகள் அல்ல. ஆர்ச்டோன் பிக்கப் இல்லாத முதல் வகை. ஈஎஸ்-125 இரண்டாம் வகை: ப்ளைவுட் மேப்பிள் உடம்பு, நெக் பக்கமாக ஒரே ஒரு பி-90 பிக்கப். வீட்டில் தனியாக உட்கார்ந்து ரிதம் வாசிக்கவா, ஆம்ப்பில் மாட்டி மெலடி வாசிக்கவா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பேர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மலிவாகக் கிடைக்கும் பழைய ஆர்ச்டாப்களில் பெரும்பாலானவை சிகாகோவில் செய்தவை. ஹார்மனி கம்பெனி 1892-இல் தொடங்கி 1975-இல் மூடப்பட்டது. இடையில் 1916 முதல் 1940 வரை சியர்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக இருந்த கே கம்பெனியும் சிகாகோதான். சில்வர்டோன், ஏர்லைன், ஓல்டு கிராஃப்ட்ஸ்மன் என்று தலையில் எழுதியிருந்தால் மிரள வேண்டாம். தபாலில் சரக்கு விற்ற பெரிய கடைகள் இந்த மாதிரி தொழிற்சாலைகளில் செய்து வாங்கித் தங்கள் பேரை ஒட்டிக்கொண்டன. கிப்சனே 1930களில் கலமசூ என்ற பேரில் மலிவு வரிசை ஒன்று விட்டது. அதில் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகத் தண்டு) இருக்காது, ஆனால் உடம்பு கிப்சன் தொழிற்சாலையில் செய்தது. என்னைக் கேட்டால், ஆம்ப் இல்லாமல் வாசிக்க நினைப்பவருக்குப் பணத்துக்கு அதிக சத்தம் தருவது கலமசூதான். ஜெர்மனியின் ஹாஃப்னர், ஃப்ராமஸ் கிட்டார்கள் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பழைய ஐரோப்பிய கிட்டார்களில் செல்லுலாய்டு பைண்டிங் (உடம்பின் ஓரப்பட்டை) பொடிந்து உதிர்வதைச் சகஜமாகப் பார்க்கலாம், அந்த வேலை சுலபமில்லை. மின்சார வகைதான் வேண்டும், கிப்சனுக்குப் பணம் இல்லை என்றால் 1970களின் ஜப்பானியப் பிரதிகளையும் தேடுங்கள். ஐபனெஸ் 2355 என்பது ஈஎஸ்-175-ஐப் பார்த்துச் செய்தது, நன்றாகவே செய்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு பழைய ஆர்ச்டாப்பின் மதிப்பில் முக்கால்வாசியை நெக் பலகையில் சேரும் கோணம் தீர்மானிக்கிறது. ஐம்பது அறுபது வருடம் கம்பி இழுத்த இழுப்பில் நெக் மெல்ல முன்னால் சாயும். சாய்ந்தால் கம்பிகள் ஃப்ரெட்டுகளைவிட்டு உயரும். சொந்தக்காரர் பிரிட்ஜின் திருகுச் சக்கரங்களைக் கீழே இறக்குவார். இன்னும் சாயும், இன்னும் இறக்குவார். ஒரு நாள் சக்கரம் அடியில் போய் முட்டிக்கொள்ளும். அப்போதும் 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரமாகவே இருந்தால் கதை முடிந்தது: நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி ஒட்ட வேண்டும். நல்ல கைகாரரிடம் கொடுத்தால் அதற்கு ஆகும் கூலி, மலிவான ஹார்மனியின் விலையையே தாண்டிவிடலாம்.

எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பிரிட்ஜின் பக்கவாட்டுப் படம். சக்கரத்துக்குக் கீழே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இருந்து, கம்பியும் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் நிம்மதி. பிரிட்ஜின் அடிக்கட்டை வழக்கத்தைவிட மெலிந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். அதுவும் அதே வியாதியின் அறிகுறிதான். நேரில் பார்க்க முடிந்தால் நீளமான ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டிப் பாருங்கள். பிரிட்ஜின் தலையைத் தொட்டும் தொடாமலும் போனால் நல்லது, பிரிட்ஜின் நடு உயரத்தில் போய் இடித்தால் வேண்டாம்.

ஆனால் தலைகீழான ஏமாற்று ஒன்றும் உண்டு. சக்கரம் நன்றாக மேலே இருக்கிறதே என்று சந்தோஷப்படும்போது, பிரிட்ஜுக்கு அடியில் பலகையே குழிந்திருக்கலாம். வெளிச்சத்துக்கு நேராகக் கிட்டாரைப் பிடித்து வளைவின் கோட்டைப் பாருங்கள். மேடு சீராக ஏறி இறங்க வேண்டும். பிரிட்ஜ் காலடியில் தட்டையாகவோ பள்ளமாகவோ தெரிந்தால் உள்ளே பலகையைத் தாங்கும் மரப்பட்டைகள் ஒட்டு விட்டிருக்கலாம். விரல் முட்டியால் மேல்பலகையை இடம் இடமாகத் தட்டுங்கள். எங்காவது ‘டப்’ என்பதற்குப் பதில் ‘சர்’ என்று ஒரு சலசலப்பு வந்தால் பட்டை ஒட்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒட்டக்கூடிய கோளாறுதான், ஆனால் எஃப் துளை வழியாகக் கைவிட்டுச் செய்ய வேண்டிய வேலை, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

முழு மரமா ப்ளைவுட்டா என்பதை எஃப் துளையின் ஓரமே சொல்லிவிடும். டார்ச் அடித்து அந்த வெட்டு விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பின் தடிமன் வழியாக அப்படியே கீழே இறங்கினால் முழு மரம். குறுக்கே அடுக்கடுக்காகப் பட்டைகள் தெரிந்தால் ப்ளைவுட். முழு மரத்திலும் குடைந்தது, சூட்டில் அழுத்தி வளைத்தது என்று இரண்டு உண்டு. உங்கள் ஆர்ச்டோன் இரண்டாவது: பர்ச் மரம், சூட்டில் அழுத்தியது. அதன் மேல் தெரியும் புலிக்கோடு மேப்பிள் அழகு இயற்கை இல்லை, பெயின்ட்! எனக்கு அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. வெட்கப்படாமல் வரைந்திருக்கிறார்கள்.

அதே டார்ச்சை உள்ளே அடித்தால் முத்திரை தெரியும். ஹார்மனியில் எண்களுக்கு நடுவே ‘ஹெச்’ என்ற எழுத்து வரும். அதற்குப் பின்னால் வருவது மாடல் எண், ஆர்ச்டோன் என்றால் 1215. ‘எஃப்’ அல்லது ‘எஸ்’ எழுத்தோடு இரண்டு இலக்க வருடமும் பல கிட்டார்களில் இருக்கும். கிப்சனில் 1952 முதல் 1961 வரை தொழிற்சாலை எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து போட்டார்கள், அதுவும் பின்னோக்கி: ‘இசட்’ என்றால் 1952, ‘ஒய்’ 1953, ‘எக்ஸ்’ 1954, இப்படியே ‘க்யூ’ வரை. விற்பவர் “1953” என்று சொல்லி உள்ளே ‘டி’ (T) இருந்தால் அது 1958. அவர் பொய் சொல்கிறார் என்று அவசியமில்லை, பலருக்கு இது தெரியாது. ஆனால் பேரம் பேச ஒரு பிடி கிடைத்துவிடும்.

நெக்கின் அகலத்தையும் கேளுங்கள். 1965 வாக்கில் கிப்சன் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் கட்டை) பக்க அகலத்தைச் சுமார் 43 மில்லிமீட்டரிலிருந்து 40-க்குக் குறைத்தது. ஃப்ளாட்-டாப் பழகிய விரல்களுக்கு அந்த மூன்று மில்லிமீட்டர் பெரிய நெருக்கடி. விலை குறைவாக இருக்கிறதே என்று அந்தக் காலத்துக் கிட்டாரை வாங்கிவிட்டு ஒரு வருடத்தில் விற்பவர்கள் உண்டு.

மற்றதெல்லாம் சில்லறை. ட்யூனர் பிடிகள் பொடிந்திருந்தால் மாற்றலாம், ஆனால் பழைய திருகு துளைகளுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள், புதிதாகத் துளை போட வேண்டாம். பழைய செல்லுலாய்டு பிக்கார்டு (பிக் பலகையில் உரசாமல் காக்கும் தகடு) சுருங்கி, நொறுங்கி, பக்கத்து உலோகமெல்லாம் பச்சை பூத்திருந்தால் உடனே கழற்றித் தனியாக வையுங்கள். அது வெளிவிடும் ஆவி பெட்டிக்குள் இருக்கும் எல்லா உலோகத்தையும் அரித்துவிடும். விரிசல் ஒட்டியிருந்தால், ஒட்டு உறுதியாக இருக்கும்வரை பயமில்லை. ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியதும் அப்படித்தான். வாசிக்க வாங்குபவருக்கு இவையெல்லாம் விலை குறைக்கும் வரங்கள். உங்கள் ஈஎஸ்-125-இன் புது வார்னிஷும் அதே கணக்குதான். சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், பூச்சு மாற்றிய கிட்டாருக்கு அசலில் பாதி விலை என்பது சந்தையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. விற்பவர் அந்தக் கணக்குக்கு வரவில்லை என்றால் நகர்ந்துவிடுங்கள். வார்னிஷ் தடியாகக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் வேண்டாம், சத்தத்தை அமுக்கும்.

நாடு விட்டு நாடு தருவிப்பதானால் ஒரு எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதி வரை கிப்சன் விரல்பலகைகளில் பிரேசில் ரோஸ்வுட் சகஜம். அந்த மரம் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட்டில் செய்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்கு கொடுத்தார்கள், இதற்கு இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லையில் மாட்டிக்கொண்டால் கிட்டாரும் போகும், பணமும் போகும்.

சரி, வாங்கியாகிவிட்டது. கையில் இருக்கும் பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நான்கில் ஒரு பங்கையாவது சரிபார்க்கும் வேலைக்கு ஒதுக்க வேண்டும். ஃப்ரெட் சமன்படுத்துவது, நட் வெட்டுவது இதெல்லாம் கைகாரர் வேலை. பிரிட்ஜை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பிரிட்ஜ் ஒட்டவில்லை என்பதால் கம்பிகளை மொத்தமாகக் கழற்றாதீர்கள், அது இடம் மாறிவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இடம் சரியா என்று பார்க்க, ஒரு கம்பியை 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசியுங்கள், பிறகு அதே இடத்தில் லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் நெக் பக்கம். தடித்த கம்பியின் பக்கம் கொஞ்சம் பின்தள்ளி நிற்பது இயல்பு. சரியான இடம் கிடைத்ததும் ஒட்டும் வலு குறைந்த டேப்பில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிரிட்ஜின் கால் பலகையோடு முழுக்கப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு மெல்லிய காகிதத்தை அடியில் நுழைத்துப் பாருங்கள்; எங்காவது நுழைந்தால் அங்கே சத்தம் பலகைக்குப் போகவில்லை. பலகை மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே பார்க்க வைத்து, பிரிட்ஜின் காலை அதன் மேல் மெதுவாகத் தேய்த்தால் வளைவுக்கு ஏற்ப அது பொருந்திவிடும். காசில்லாத இந்த ஒரு வேலை, புது பிக்கப் வாங்குவதைவிட அதிகம் மாற்றம் தரும்.

கம்பியில் சிக்கனம் வேண்டாம். மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பியாக இருக்க வேண்டும். பழைய பிரிட்ஜ்கள் அதற்காக வெட்டியவை. வெறும் கம்பி போட்டால் அந்த ஒன்று மட்டும் எப்போதும் சுருதி தப்பும். ஆம்ப் வகைக்கு ஃப்ளாட்வுண்ட் (தட்டையாகச் சுற்றியது), 12-இல் தொடங்குவது; அதாவது முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. ஆம்ப் இல்லாததற்கு நிக்கல் அல்லது வெண்கலம். பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே இருக்கும் கம்பித் துண்டுகள் தாமாக ரீங்கரிக்கும்; ஒரு துண்டு ஃபெல்ட் துணியை அங்கே கோத்துவிட்டால் அடங்கிவிடும். ஆர்ச்டோனுக்குப் பிக்கப் வேண்டும் என்று தோன்றினால் பலகையை வெட்டாமல் மாட்டும் மிதவை பிக்கப் இருக்கிறது. டிஆர்மண்ட் கம்பெனி அந்தக் காலத்திலேயே அப்படிச் செய்து விற்றது.

வாசிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆர்ச்டாப் வாங்கி ஏமாந்தேன் என்பவர்களில் பலர் அதில் ஃப்ளாட்-டாப் வாசிக்கிறார்கள். ஆறு கம்பியையும் திறந்த கார்டில் வாரி அடித்தால் தகரம் மாதிரிதான் கேட்கும். மூன்று சுரம் மட்டும் பிடியுங்கள். டி மைனர் 7: ஐந்தாம் கம்பியில் 5-ஆம் ஃப்ரெட், நான்காவதில் 3, மூன்றாவதில் 5. அடுத்து ஜி 7: ஆறாவதில் 3, நான்காவதில் 3, மூன்றாவதில் 4. பிறகு சி மேஜர் 7: ஐந்தாவதில் 3, நான்காவதில் 2, மூன்றாவதில் 4. உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளை மட்டும் கவனியுங்கள். முதல் மாற்றத்தில் நான்காம் கம்பி அசையவே இல்லை, மூன்றாவது ஒரு ஃப்ரெட் இறங்கியது. இரண்டாவதில் மூன்றாம் கம்பி அசையவில்லை, நான்காவது ஒரு ஃப்ரெட் இறங்கியது. ஜாஸ் ரிதத்தின் பாதி சங்கதி இந்த ஒரு ஃப்ரெட் நகர்வில் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையை லேசாகத் தளர்த்திச் சத்தத்தை நறுக்குங்கள். ஃப்ரெடி கிரீன் பல நேரம் ஒரே ஒரு கம்பியைத்தான் கேட்கும்படி வாசித்தார், மற்றவை தொட்டு அமுக்கியவை. சீக்கிரம் அடங்கும் ஆர்ச்டாப்பின் சுபாவம் இதற்கென்றே செய்தது போல இருக்கும்.

ஈஎஸ்-125 என்றால் சின்ன ஆம்ப் போதும். டோனைப் பாதிக்கு இறக்கி, பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் வாசித்துப் பாருங்கள். வெஸ் மான்ட்கமரி அப்படித்தான் வாசித்தார். ஊளையிட்டால் எஃப் துளைகளில் ஸ்பாஞ்சு அடைத்துக்கொள்ளலாம், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் இரண்டுக்கும் வருகிறேன். நீங்கள் ஜிம் ஹால் பேரைக் கேள்வியில் குறிப்பிட்டதால், மனசு இரண்டாம் வகைச் சத்தத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் ஈஎஸ்-125-க்கு பிரிட்ஜின் பக்கவாட்டுப் படமும், எஃப் துளை வழியாக முத்திரையின் படமும் கேளுங்கள். பிரிட்ஜில் இடம் இருந்து, பிக்கப் அசலாக இருந்து, விலையும் பாதிக் கணக்குக்கு வந்தால் வாங்கிவிடுங்கள். வரவில்லை என்றால் ஆர்ச்டோன் நல்ல தொடக்கம்தான், அதே பிரிட்ஜ் சோதனையில் தேறினால். தேறாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதை வாங்கினால் கம்பியை மட்டும் 12-க்கு மேல் ஏற்றாதீர்கள். பெரும்பாலான ஆர்ச்டோன்களில் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் இருக்காது, நெக் வளைந்தால் திருப்ப வழி இல்லை. 11-இல் தொடங்கும் நிக்கல் செட் போட்டு, ஒரு மாதம் நெக் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.